நாலுக்கு ஒரு மூச்சு

சிறுதாழைக் கழுவெளி என்ற சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற அரசாங்கம் ஒரு பலகை வைத்திருக்கிறது. மீதி வேலையை ஊரில் ஏழெட்டுப் பேர் செய்கிறார்கள்.

ஞாயிறு விடிந்ததும் வருவார்கள். ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போடுவார்கள். பறவைகளின் காலில் சிக்கிக்கொள்ளும் பழைய நைலான் வலைகளைத் தேடி அறுத்து எடுப்பார்கள். வெயில் ஏறினால் கை கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். சம்பளம் கிடையாது. வீட்டில் திட்டு மட்டும் தவறாமல் கிடைக்கும்.

அவர்களுக்கு அஞ்சலாட்சிதான் தலைமை. முப்பத்தாறு வயது. மாட்டாஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம். எல்லோரும் 'வாத்தியாரம்மா' என்று கூப்பிடுவார்கள். அவர் பாடம் எதுவும் நடத்தியதில்லை. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதும் அபூர்வம். ஆனாலும் சேற்றில் அவர் கால் வைத்த இடத்தில் மற்றவர்கள் கால் வைத்தார்கள்.

ஐப்பசி முதல் ஞாயிறு அன்று கலியமூர்த்தி வந்தார். வயது அறுபத்திரண்டு. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். வந்த பஸ்ஸையெல்லாம் நோட்டில் குறித்தே முப்பது வருஷம் ஓட்டியிருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அஞ்சலாட்சி முன்னால் நின்றார்.

"நான் பாரியோட அப்பா."

ஏழு பேரும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள்.

பாரி இவர்களோடு வேலை செய்த பையன். இருபத்தாறு வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மழையில் இந்தக் கழுவெளியில்தான் செத்துப்போனான். மறுநாள் மூன்று நீர்க்கடம்பு மரங்கள் நிற்கும் இடத்தில் கிடைத்தான். கிடைத்தான் என்று சொல்வது வாய்ப்பழக்கம். அவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். நெஞ்சு வரைக்கும் சேறு, தலைக்கு மேல் தண்ணீர். இரண்டு கையும் தண்ணீருக்கு வெளியே, நாணல் மாதிரி வளரும் ஒரு சம்புத் தட்டையைப் பிடித்திருந்தன.

"உங்களோட வேலைக்கு வர்றேன்" என்றார் கலியமூர்த்தி.

"எதுக்குங்கய்யா?"

"ஒரு கேள்வி இருக்கு."

"கேளுங்க."

"கரையேறுறதுக்கு முன்னாடி உள்ள நின்னு எல்லாரும் நம்பர் சொல்லுவீங்களாம். அன்னிக்கி அவனும் நாலுன்னு சொன்னான்னு போலீஸ்ல எல்லாரும் எழுதிக் கொடுத்திருக்கீங்க. குரல் கொடுத்தவன உள்ள விட்டுட்டு ஏன் வந்தீங்க?"

அஞ்சலாட்சி கரையில் சாத்தியிருந்த ஒரு மூங்கில் கழியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"மொதல்ல இத ஊனுங்க. இது நின்னா கால வைங்க. கோரை வேர் இருக்கிற எடத்துல மண்ணு தாங்கும். தண்ணி தெளிவா இருந்தா அங்க போகாதீங்க."

"நான் கேட்டதுக்கு?"

"உங்க நம்பர் ஒம்பது."

"எனக்கு நாலு வேணும். அது அவனோடது."

"அது காலியா இல்லைங்கய்யா" என்றார் அஞ்சலாட்சி.

கலியமூர்த்தி கழியை வாங்கிக்கொண்டார்.

அந்தச் சம்புக் காட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்திருக்கும். நாலு அடி தள்ளி ஒருவர் நின்றால் தெரியாது. அதனால்தான் இந்த நம்பர் ஏற்பாடு. வேலை முடிந்ததும் அவரவர் நின்ற இடத்திலேயே நின்று வரிசையாகக் குரல் கொடுக்க வேண்டும். ஒரு நம்பர் வரவில்லை என்றால் யாரும் கரைக்குப் போகக் கூடாது. எல்லோரும் அந்த ஆள் இருக்கிற பக்கம் போக வேண்டும்.

இதையெல்லாம் விளக்கியது ஆட்டோ ஓட்டும் தனவேலு. அவர் எட்டாம் நம்பர்.

"இன்னொன்னுண்ணே. அடுத்தவங்க நம்பர யாரும் சொல்லக் கூடாது. பக்கத்துலயே நிக்கிறாரு, தும்முறாரு, இருமுறாரு, என்னவா இருந்தாலும் சரி. அவங்க வாயால அவங்களே சொல்லணும்."

"இது என்ன ஸ்கூலா?"

"வாத்தியாரம்மா போட்ட சட்டம். முன்ன கெடையாது. மூணு வருஷமாத்தான்."

அன்றைக்கு வேலை முடிந்தது. தூரத்தில் அஞ்சலாட்சி, "ஒண்ணு" என்றார்.

தையல் வேலை செய்யும் மெகருன்னிசா, "ரெண்டு" என்றார்.

"மூணு."

பிறகு ஒன்றும் வரவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். சம்புத் தட்டைகள் ஒன்றோடொன்று உரசின. எல்லோரும் யாருக்கோ இடம் விட்டு நிற்பது கலியமூர்த்திக்குப் புரிந்தது.

"அஞ்சு" என்று ஒரு குரல் தொடர்ந்தது. ஆறு, ஏழு, எட்டு. கலியமூர்த்தி கொஞ்சம் தாமதமாக, "ஒம்பது" என்றார்.

கரைக்கு வந்ததும் அவர் விடவில்லை.

"செத்தவனுக்கு எதுக்கும்மா காத்து நிக்கிறீங்க?"

அஞ்சலாட்சி அவரைச் சம்பின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"கண்ண மூடுங்க. என்ன கேக்குது?"

மழைக்காலம். கேட்க என்ன இருக்கிறது? காது கிழியும்படி தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

"தவளை."

"எங்க கேக்கல?"

கலியமூர்த்திக்கு எரிச்சலாக வந்தது. இருந்தாலும் காதைக் கொடுத்தார். வலது பக்கம் கத்தியது. எதிரே கத்தியது. பின்னால் கத்தியது. வெகுநேரம் கழித்து இடது பக்கம் கையை நீட்டினார். அங்கே ஒரு பாய் விரிக்கும் அளவுக்குச் சத்தமே இல்லை.

கண்ணைத் திறந்தார். அங்கே வெறும் சம்புதான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்கள். தட்டைகள் மெல்ல விலகின. ஒரு செந்நாரை கழுத்தை நீட்டி இவர்களைப் பார்த்தது.

"அவ்வளவுதாங்கய்யா" என்று சொல்லிவிட்டு அஞ்சலாட்சி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாம் ஒன்று கேட்டால் இந்தப் பெண் நாரையைக் காட்டுகிறாளே என்று கலியமூர்த்தி வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போனார். ஆனால் அடுத்த ஞாயிறு முதல் ஆளாக வந்து நின்றது அவர்தான்.

அதற்குப் பிறகு அவர் காது சும்மா இருக்கவில்லை. வலை அறுக்கும்போதும் ஆகாயத்தாமரை இழுக்கும்போதும் தவளைகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது வாரம் ஒன்றைக் கவனித்தார். கழுவெளி முழுக்கக் கத்தியது. மூன்று நீர்க்கடம்பு மரங்களின் அடியில் மட்டும் ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

நாரையாக இருக்கும் என்று பக்கத்தில் போய்க் காத்திருந்தார். எதுவும் எழுந்து பறக்கவில்லை. அடுத்த வாரமும் அதே இடம் ஊமையாகக் கிடந்தது. அங்கே தண்ணீர் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிந்து நின்றது.

"தனவேலு, அந்த எடத்துல என்ன இருக்கு?"

தனவேலு அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னார். "ஒண்ணும் இல்லண்ணே. அங்க தவளை கத்துறதில்ல."

"எப்பலேர்ந்து?"

"வேலையப் பாருங்கண்ணே."

கலியமூர்த்தி அஞ்சலாட்சியிடம் போனார்.

"கடம்பு மரத்துக்கிட்ட யாரும்மா நிக்கிறது?"

அஞ்சலாட்சி கையில் இருந்த வலை முடிச்சை அறுத்துக்கொண்டே, "நீங்கதான் வாராவாரம் அங்க போய் நிக்கிறீங்க. பின்ன தவளை எப்படிங்கய்யா கத்தும்?" என்றார்.

மெகருன்னிசா சிரித்துவிட்டார். கலியமூர்த்திக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. உண்மைதான், தான் போய் நிற்பதால்தான் அவை அடங்குகின்றன என்று அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே அந்தப் பக்கமே போகவில்லை. கழுவெளியின் மறுகோடியில் நின்று, கண்ணை மூடிக் கேட்டார். அப்போதும் அந்த இடத்தில் சத்தம் இல்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கார்த்திகை கடைசியில் ஒரு ஞாயிறு. இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. விடிந்த பிறகும் பனி கலையவில்லை. மணி எட்டாகியும் நீட்டிய கையின் விரல் தெரியவில்லை. கொஞ்ச நேரம் வேலை பார்த்தார்கள். இன்றைக்குப் போதும் என்று அஞ்சலாட்சி குரல் கொடுத்தார்.

"நின்ன எடத்துலயே நில்லுங்க. ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

வழக்கமான இடைவெளி. கலியமூர்த்தி கழியில் சாய்ந்து நின்று மூச்சை உள்ளே இழுத்தார்.

"நாலு."

கடம்பு மரப் பக்கமிருந்து வந்தது. தாழ்ந்த குரல். அவசரம் இல்லை, அழுகை இல்லை. வீட்டில் அடுத்த அறையிலிருந்து யாரோ 'ம்' கொட்டுவது போல இருந்தது.

அஞ்சு வருவதற்கு நேரமாயிற்று. பிறகு ஆறு, ஏழு. பக்கத்தில் எங்கோ தனவேலு, "எட்டு" என்றார்.

கலியமூர்த்தி தன் நம்பரைச் சொல்லவில்லை. அவருக்கு நம்பர் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. கழியை அப்படியே விட்டுவிட்டு நடந்தார்.

"பாரி. அப்பா வந்துட்டேன்டா."

சத்தமாகச் சொல்லவில்லை. சத்தம் போட்டால் அந்தக் குரல் கேட்காமல் போய்விடும் என்று பயந்தார். சம்பை விலக்கினார். முகத்தில் பனி ஈரம் ஒட்டியது. கடம்பு மரங்கள் மூன்றும் கறுப்பாகத் தெரிந்தன. அவற்றின் அடியில் தெளிந்த தண்ணீர். தண்ணீரின் நடுவில் ஒற்றைச் சம்புத் தட்டை நின்றது. காற்றே இல்லை. அது மட்டும், யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல, ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

கால் வைத்தார். முழங்கால் வரை இறங்கியது. அடுத்த கால் இடுப்பு வரை இறங்கியது.

சேறு மேலே குளிர்ந்திருந்தது. அடியில் கதகதப்பாக இருந்தது. அதுதான் அவருக்கு ஆச்சரியம். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது, பயம் வரவில்லை. மூன்று வருஷமாக நெஞ்சில் இருந்த கனம் இறங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டி அந்தத் தட்டையைப் பிடித்தார். கழுவெளி முழுக்க ஓய்ந்துவிட்டது. எந்தப் பக்கமும் ஒரு தவளைகூடக் கத்தவில்லை. இன்னொரு முறை கூப்பிடுவான் என்று மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். தண்ணீர் மார்புக்கு வந்தது.

"ஒம்பது வரல!"

அஞ்சலாட்சியின் குரல் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"யாரும் கரைக்குப் போகாதீங்க! ஒம்பது வரல! கடம்பு மரத்துப் பக்கம் வாங்க!"

எல்லாப் பக்கமும் தண்ணீர் அடிபடும் சத்தம். கழிகள் ஊன்றும் சத்தம். கலியமூர்த்திக்கு அந்த இரைச்சல் பிடிக்கவில்லை. சும்மா இருங்கள், கேட்கவிடுங்கள் என்று சொல்ல நினைத்தார். வாயைத் திறந்தபோது தண்ணீர் உள்ளே போயிற்று.

முதலில் வந்தது அஞ்சலாட்சிதான். ஆகாயத்தாமரைக் கொடியை வாரிப் போட்டு, அதன் மேல் இரண்டு கழிகளைக் குறுக்கே வைத்து, குப்புறப் படுத்து ஊர்ந்து வந்தார். பாதி உடம்பு அவருக்கும் சேற்றில்தான் இருந்தது. அவர் காலைத் தனவேலு பிடித்துக்கொண்டார். தனவேலுவை மற்றவர்கள் பிடித்தார்கள்.

"அந்தத் தட்டைய விடுங்க. என் கையப் பிடிங்க."

"அவன் கூப்பிட்டான்ம்மா."

"கையப் பிடிங்கய்யா!"

கலியமூர்த்தி தட்டையைப் பார்த்தார். அஞ்சலாட்சியின் கையைப் பார்த்தார். பிடித்துக்கொண்டார். இழுத்தார்கள். கால் மணி நேரம் இழுத்தார்கள். வேட்டி சேற்றோடு போயிற்று, ஆள் வந்தார்.

கரையில் தனவேலு தன் துண்டை அவருக்குக் கட்டிவிட்டார். மெகருன்னிசா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். கலியமூர்த்தி அதை வாங்கிக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

"எனக்கும் கேட்டுச்சுண்ணே" என்றார் தனவேலு மெல்ல.

"தாழைக்கோழி கத்தியிருக்கும்" என்றார் மெகருன்னிசா. சொல்லிவிட்டுத் தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். அவர் நம்பிச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

கலியமூர்த்தி அஞ்சலாட்சி பக்கம் திரும்பினார்.

"அவன் குரல்தாம்மா. அன்னிக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பான். நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல. சொன்னவன ஏன் விட்டுட்டு வந்தீங்க?"

அஞ்சலாட்சி சேற்றுக் கையோடு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கி அவன் சொல்லலைங்கய்யா."

"சொன்னான்னு எல்லாரும்..."

"நாலுன்னு கேட்டுச்சு. அதச் சொன்னது நான்."

தனவேலு எழுந்து நின்றுவிட்டார். இது அவருக்கும் புதிது. அங்கே இருந்த எல்லோருக்கும் புதிது.

"பாரி சில நாள் நம்பர் சொல்லாமலே முன்னால கரையேறிப் பைய அடுக்கி வைப்பான். அன்னிக்கி இடி, மழை. சீக்கிரம் எல்லாரையும் வெளிய கொண்டாந்துடணும்னு இருந்துச்சு. மூணு வந்துச்சு. நாலு வரல. ஏறிட்டிருப்பான், எண்ணிக்கை நின்னுட வேணாம்னு நானே நாலுன்னு சொன்னேன். மழைச் சத்தத்துல யாருக்கும் குரல் தெரியல. அஞ்சு வந்துச்சு, ஆறு வந்துச்சு. எல்லாரும் கரைக்கு வந்துட்டோம். அவன் செருப்பு மட்டும் கரையிலயே கெடந்துச்சு. திரும்ப உள்ள போய்த் தேடுறதுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு."

கலியமூர்த்தி டீயிலிருந்து கண்ணை எடுத்தார்.

"நாலு வராதப்பவே போயிருந்தா?"

"உசுரோட கெடச்சிருக்கலாம்."

"மூணு வருஷமா ஏன் சொல்லல?"

"பயம்" என்றார் அஞ்சலாட்சி. "உங்கள முதல் நாள் பார்த்தப்பவும் பயம்தான். அதான் கழிய எடுத்துக் கொடுத்தேன்."

பனி கலையத் தொடங்கியிருந்தது. கலியமூர்த்தியின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி முகத்துச் சேற்றில் கோடு போட்டது. அடிக்கப்போகிறார் என்று தனவேலு ஒரு அடி முன்னால் வந்தார். கலியமூர்த்தி டீயைத் தரையில் வைத்தார். கையைத் தூக்கவில்லை. சம்புக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஒரு தவளை கத்தியது. பிறகு இன்னொன்று. கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவெளி முழுக்கச் சத்தம் நிறைந்தது. கடம்பு மரத்தடியில் கத்துகிறதா என்று அவர் காது கொடுத்துக் கேட்டதை எல்லோரும் பார்த்தார்கள். என்ன கேட்டார் என்று அவர் சொல்லவில்லை.

"சரி. அன்னிக்கிச் சொன்னது நீங்க" என்றார் கடைசியில். "இன்னிக்கி நாலு சொன்னது யாரும்மா?"

அஞ்சலாட்சி அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு நாலு கேக்கலைங்கய்யா. ஒம்பது வராததுதான் கேட்டுச்சு."